துருவத் தளபதியும் தெலுக் பிளாங்கா மரப்பாலும்

சிங்கப்பூரின் புக்கிட் மேரா வட்டாரத்து இடப்பெயர்களில் ஆங்கிலேயப் படைக்காரர்களுக்குப் பஞ்சமில்லை. 1848இல் மியாண்டர் கப்பலில் வந்த ஹென்றி கெப்பலின் பெயரை 1900இல் துறைமுகத்துக்குச் சூட்டினார்கள். மவுண்ட் ஃபேபர் குன்று, மதராஸ் பொறியாளர் படையைச் சேர்ந்த கேப்டன் ஃபேபரின் பெயரைத் தாங்கியது. இவ்விருவரையும்விட இந்தக் கரையோடு ஆழமாகப் பிணைந்தவர் ஷெரார்ட் ஆஸ்பர்ன் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

ஆஸ்பர்ன் 1822இல் மதராஸில், ராணுவ அதிகாரி ஒருவரின் மகனாகப் பிறந்தவர். 1837இல் கடற்படையில் சேர்ந்தார். மறு ஆண்டே, சயாமின் பிடியை எதிர்த்த மலாய் மாநிலமான கெடாவின் முற்றுகையில் மலாய் மாலுமிகள் ஓட்டிய பீரங்கிப் படகு ஒன்றுக்குத் தலைமை. வயது பதினாறு! சயாமுக்கு உதவப் போன அந்தப் பையன், எதிரணியிலிருந்த மலாய்க்காரர்கள்மீதே பரிவு கொண்டான் என்பதை 1857இல் வெளிவந்த அவரது கெடா நினைவுநூல் காட்டுகிறது.

அவருக்குப் புகழ் தந்தது பனிக்கடல். வடதுருவப் பயணத்தில் காணாமல்போன ஃபிராங்ளினைத் தேடி 1850-51இலும் 1852-54இலும் பயனியர் என்ற நீராவிக் கப்பலைச் செலுத்தினார். இரண்டாம் பயணத்தில் தலைவர் எட்வர்ட் பெல்ச்சரோடு மோதல் முற்றி, பெல்ச்சர் அவரைக் காவலில் வைத்தார். பனியில் சிக்கிய நான்கு கப்பல்களையும் கைவிட்டுத் திரும்பியது அந்தப் படை. வாழ்க்கைக் குறிப்புகள் இந்த ஆண்டுகளை விரித்து எழுதிவிட்டு, 1867க்குப் பிந்தியவற்றை ஓரிரு வரியில் கடந்துவிடுகின்றன. இது பிழையான எடை.

1867இல் அவர் கடலடித் தந்திக்கம்பி செய்து பதிக்கும் நிறுவனமொன்றின் நிர்வாக இயக்குநரானார். 1864இல் உருவான அந்நிறுவனத்தின் ஒரு பாதி, பழைய கெட்டா பெர்ச்சா கம்பெனி. கெட்டா பெர்ச்சா மலாய்க் காட்டு மரத்தின் பால். வெந்நீரில் போட்டால் மாவாகக் குழையும். ஆறினால் கொம்புபோல் இறுகும். உள்ளூர்க்காரர்கள் அதில் பாராங் கத்திக்குப் பிடி செய்தார்கள். அதைக் கவனித்த மருத்துவர் மான்ட்கோமரி 1843இல் மாதிரிகளை அனுப்பினார். கடலடியில் மின்சாரம் கசியாமல் செப்புக் கம்பியைப் போர்த்த அக்காலத்தில் அதற்கு இணை இல்லை.

அந்தப் பாலில் முதலில் செழித்தது தெலுக் பிளாங்காவில் வாழ்ந்த ஜொகூரை ஆண்ட மலாய்த் தலைவர், தெமெங்கோங் டாயெங் இப்ராஹிம். ஜொகூர்க் காட்டுச் சரக்கைத் தம் பிடிக்குள் வைத்துக்கொள்ள அவர் முயன்றது வணிகர்களை எரிச்சலூட்டியது. ரப்பர்போல் கீறிக் கீறி எடுப்பதல்ல இது. மரத்தையே சாய்த்து, பட்டையில் வளையம் வளையமாக வெட்டினார்கள். ஒரு மரம், ஒரே அறுவடை. அருகிலிருந்த காடுகள் ஒழிந்ததும் சுமாத்ராவும் போர்னியோவும். சந்தை மட்டும் சிங்கப்பூரிலேயே நின்றது.

ஆஸ்பர்னின் நிறுவனம் மதராஸிலிருந்து பினாங்கு வழியாகப் பதித்த கம்பி 1871 தொடக்கத்தில் சிங்கப்பூரில் செயல்படத் தொடங்கியது. தபால் கப்பலுக்கு வாரக்கணக்கில் காத்திருந்த வணிகர் விரைவிலேயே லண்டன் விலையைக் கேட்கலாம் என்றாயிற்று. ஆஸ்பர்ன் பிறந்த ஊரையும் பதின்ம வயதில் அலைந்த கடலையும் அந்தக் கம்பி கட்டியது. மேலுறையோ இந்தப் பக்கத்துக் காடு. பேரரசின் சாதனை என்று இதை எழுதுவோர், வெட்டுண்ட மரங்களையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

துருவ ஆசை அவரை விடவில்லை. புதிய பயணம் ஒன்றுக்காக வாதாடி வென்றார். கப்பல்கள் புறப்படுமுன், 1875 மே 6 அன்று இறந்தார். கிரீன்லாந்தின் வடகரையில் ஒரு கடல்நுழைவு அவர் பெயரால் அழைக்கப்படுகிறது. தெமெங்கோங் குடும்பத்தின் கல்லறைகள் தெலுக் பிளாங்கா சாலையோரப் பள்ளிவாசலை ஒட்டி இருக்கின்றன.