கவுண்ட்டவுனைத் தந்த மௌனப்படம்

ஃபிரிட்ஸ் லாங் இயக்கிய ‘நிலவில் பெண்’ என்ற ஜெர்மானிய மௌனப்படம் 1929 அக்டோபர் 15 அன்று பெர்லினில் வெளியானது. பேசும்படம் தலையெடுத்துவிட்ட நேரம் அது. ஒலி சேர்க்கச் சொன்ன உஃபா திரைப்பட நிறுவனத்துக்கு லாங் இணங்கவில்லை. மூலக்கதை அவருடைய மனைவி தேயா ஃபொன் ஹார்பவ் எழுதிய நாவல்.

நிலவில் தங்கம் இருப்பதாகச் சாதிக்கும் பேராசிரியர், அதன்மேல் கண்வைத்த பணக்காரக் கும்பல், ஒரு முக்கோணக் காதல் என்று கதை பழைய சரக்குதான். ராக்கெட் வரும் பகுதி வேறு தரம். அதற்கு ஆலோசகர் ஹெர்மன் ஓபெர்த். முனைவர் பட்டத்துக்கு அவர் எழுதிய ஆய்வு ஏற்கப்படாமல் போக, அதையே 1923-இல் நூலாக்கி, திரவ எரிபொருள் ராக்கெட்டால் விண்வெளிக்குப் போக முடியும் என்று கணக்கோடு காட்டியவர்.

அந்தக் கணக்கு திரையில் அப்படியே தெரிகிறது. உயரமான கொட்டகையிலிருந்து ராக்கெட் நின்ற நிலையிலேயே மெல்ல நகர்ந்து ஏவுமிடத்துக்கு வருகிறது. பல அடுக்குகள் கொண்ட அதன் அடிப்பகுதி, எரிபொருள் தீர்ந்ததும் கழன்று விழுகிறது. புறப்படும்போது உடலை அழுத்தும் விசையைத் தாங்கப் பயணிகள் படுத்துக்கொள்கிறார்கள். எடையற்ற நிலையில் மிதந்துவிடாமலிருக்கத் தரையில் கால் நுழைக்கும் வார்கள் உண்டு.

புறப்பாட்டுக் காட்சியில் ‘இன்னும் பத்து விநாடி’ என்று எழுத்து அட்டை வருகிறது. பிறகு எண்கள் இறங்கி ‘இப்போது’ என்பதில் முடிகின்றன. ஒன்றிலிருந்து மேலே எண்ணினால் எப்போது கிளம்பும் என்று பார்வையாளருக்குத் தெரியாது. அதனால்தான் தலைகீழாக எண்ணவைத்தேன் என்று லாங் பின்னாளில் விளக்கினார். குரலுக்கு இடமில்லாத படத்தில் பதற்றத்தை எழுத்தே சுமக்கிறது. இந்த இடத்தில் ஒலி இல்லாததைக் குறையென்று சொல்ல முடியாது.

நிலவில் இறங்கியதும் அறிவியல் நழுவுகிறது. பேராசிரியர் தீக்குச்சி கொளுத்திக் காற்று இருக்கிறதா என்று பார்க்கிறார், குச்சி எரிகிறது. அடுத்து, நம்மூரில் கிணற்றுக்கு நீரோட்டம் பார்ப்பவரைப்போல, கவைக்குச்சியோடு தண்ணீர் தேடிக் கிளம்பிவிடுகிறார். நிலவில் காற்று இல்லை என்பது அன்றே வானியலாளர் அறிந்ததுதான். நடிகர்களைக் கவச உடைக்குள் மூடிவைத்தால் காதல் கதை எடுபடாது என்ற கணக்கும் இருந்திருக்கலாம்.

படத்தின் விளம்பரத்துக்காக நிஜ ராக்கெட் ஒன்றையும் ஏவித்தருவதாக ஓபெர்த் ஒப்புக்கொண்டிருந்தார். சோதனையில் வெடிவிபத்து நேர்ந்து அவர் காயமடைந்தார். வெளியீட்டு நாளுக்குள் எதுவும் பறக்கவில்லை. ஆனாலும் வேலை வீணாகவில்லை. அவர் வடிவமைத்த எஞ்சின் 1930 ஜூலையில் சோதனையில் எரிந்து காட்டியது. அப்போது உடனிருந்து உதவிய இளைஞர்களில் ஒருவர் வெர்னர் ஃபொன் பிரவுன்.

லாங் 1933-இல் ஜெர்மனியை விட்டு வெளியேறினார். படத்தில் வரும் ராக்கெட் தன் ரகசிய ராக்கெட் ஆயுதப் பணியை நினைவூட்டுவதாகக் கருதி நாஜி அரசு படத்தைத் திரையரங்குகளிலிருந்து விலக்கியது. ஆனால் அந்த ஆயுதப் பணி நடந்த பீனமுண்டேயில் ஃபொன் பிரவுன் குழு 1942 அக்டோபர் 3 அன்று முதன்முறையாக வெற்றிகரமாகச் செலுத்திய வி-2 ராக்கெட்டில், பிறைநிலவின்மேல் உட்கார்ந்த பெண்ணின் படம் வரையப்பட்டிருந்தது. 1944 செப்டம்பரிலிருந்து அதே வகை ராக்கெட்டுகள் லண்டன்மீது விழுந்தன.