விடுபட்டவர்களின் கணக்கு

செம்பூரிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் வாழும் நம் சங்க அன்பர்களுள் பலர் கோவண்டி நிலையச் சாலை வழியே நாள்தோறும் போய் வருபவர்கள். அச்சாலையில், தேவ்னார்ப் பகுதியில், மனிதர்களை எண்ணும் கலையை முதுகலைப் படிப்பாகக் கற்பிக்கும் கல்வி நிலையம் ஒன்று இருப்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? பிழைப்பு நாடி ஊர்விட்டு ஊர் வந்தவர்கள் நாம். அந்நிலையம் கற்பிக்கும் கலையோடு நமக்கு நெருங்கிய உறவு உண்டு. அதனாலேயே அதன் வரலாற்றை இம்மலரில் எழுதத் துணிந்தோம்.

1956 ஜூலையில், பம்பாய் என வழங்கிய இந்நகரில், ஸர் தோராப்ஜி டாட்டா அறநிதி, இந்திய அரசு, ஐக்கிய நாடுகள் சபை ஆகிய மூன்றின் கூட்டுறவால் மக்கள் தொகைப் பயிற்சி ஆராய்ச்சி நிலையம் தோன்றியது. ஆசிய நாடுகள் பலவற்றிலிருந்தும் மாணவர்கள் இங்கு வந்து பயின்றனர். மறு ஆண்டு சான்டியாகோவிலும் 1963-இல் கெய்ரோவிலும் இத்தகைய நிலையங்களை ஐக்கிய நாடுகள் சபை அமைத்தது. எனினும் அவற்றுள் மூத்தது நம் நகரத்ததே. 1970-இலும் 1985-இலும் பெயர் மாறி, இன்று மக்கள் தொகை அறிவியல்களுக்கான சர்வதேச நிறுவனம் என விளங்குகிறது. பட்டங்களைத் தானே வழங்கும் நிகர்நிலைப் பல்கலைக்கழகத் தகுதியும் 1985-இலேயே கிடைத்தது.

பத்தாண்டுக்கு ஒருமுறை கணக்கெடுப்பு நடந்து வந்த நாட்டில் இதற்கெனத் தனிக் கல்வி எதற்கு என்று கேட்கலாம். தலைகளை எண்ணுவது எளிது. எண்ணாமல் விட்ட தலைகள் எத்தனை என்று சொல்வதே அரிது. பிறப்பையும் இறப்பையும் பதியும் ஏடுகள் சென்னை மாகாணத்தில் கிராம அதிகாரிகளிடம் இருந்தன. பிறந்த குழந்தை சில நாட்களிலேயே இறந்துவிட்டால், பிறப்பும் ஏறாது, இறப்பும் ஏறாது. அத்தகைய ஏட்டை வைத்துக்கொண்டு நாட்டின் பிறப்பு விகிதத்தை எங்ஙனம் கூறுவது?

இவ்வினாவுக்கு விடை தேடியவர்களுள் ஒருவர் சிதம்பர சந்திரசேகரன். பிற்காலத்தில் இந்நிலையத்தின் இயக்குநராகவும் பணியாற்றியவர். (1967-இல் மத்திய சுகாதார அமைச்சரான ஸ்ரீபதி சந்திரசேகர் வேறொருவர், அவரும் மக்கள் தொகை அறிஞரே. இயற்பியலில் நோபல் பரிசு பெற்ற சந்திரசேகர் மற்றொருவர். மூவரையும் ஒருவராக்கிப் பேசுவோரை நாம் கண்டதுண்டு.) கல்கத்தாவுக்கு அருகே சிங்கூர்ச் சுகாதார மையப் பகுதியில், பதிவாளரின் ஏட்டையும் வீடு வீடாகச் சென்று கேட்டெழுதிய பட்டியலையும் ஒப்புநோக்கி ஒரு முறையை வகுத்தார். பின்னர் ஜப்பானியத் தொழிற்சாலைகளில் பெரும்புகழ் எய்திய அமெரிக்கப் புள்ளியியலார் எட்வர்ட்ஸ் டெமிங்கும் அவரும் சேர்ந்து எழுதிய அவ்வாராய்ச்சி 1949-இல் வெளிவந்தது.

முறையின் சூட்சுமத்தை நம் பொங்கல் விழாவைக் கொண்டே விளக்கலாம். வாயிலில் நின்ற தொண்டர் 60 குடும்பங்களைக் குறித்தார் என்று வைத்துக்கொள்வோம். அவரைக் கலக்காமல் அரங்கினுள் சுற்றிய மற்றொருவர் 50 குடும்பங்களைக் குறித்தார். இரு பட்டியலிலும் காணப்படுபவை 40. அதாவது, உள்ளே இருந்தவர் கண்ட 50-இல் 40-ஐ வாயிற்காரரும் பிடித்திருக்கிறார். ஐந்தில் நான்கு பங்கு. ஆகவே அவருடைய 60-உம் மொத்தத்தில் ஐந்தில் நான்காகவே இருத்தல் வேண்டும். வந்த குடும்பங்கள் 75. பட்டியல்கள் இரண்டையும் கூட்டினாலும் கிடைப்பவை 70. எஞ்சிய ஐந்தும் இருவர் கண்ணிலும் படாதவை. காணாதவரைக் கண்டவரைக் கொண்டே எண்ணிவிட்டோம்!

ஆனால் இதில் ஓர் இடர் உண்டு. ஊருக்குப் புதிதாய் வந்த, யாரையும் அறியாத குடும்பம் பக்கவாயிலால் நுழைந்து மூலையில் நின்றிருந்தால், ஒருவர் விட்டதை மற்றவரும் விட்டிருப்பார். அப்போது 75 என்பதும் குறைவான கணக்கே. ஆசிரியர் இருவரும் இதனை அறிந்தே இருந்தனர். மக்களைச் சிறுசிறு குழுக்களாகப் பிரித்துக் கணக்கிட்டால் பிழை குறையும் என்றனர். குறையுமேயன்றி அறவே நீங்காது. திருநெல்வேலியிலிருந்து வந்து தாராவித் தோல் பதனிடும் தொழிலில் இறங்கிய முதல் தலைமுறையினரை நினைக்கும்போது, அவர்களுள் எத்தனை பேர் அந்த மூலையில் நின்றவர்களோ என்ற எண்ணம் நம்மை வருத்தாமல் இல்லை. 2011 கணக்கெடுப்புக்குப் பின் நடந்த சரிபார்ப்பில், ஆயிரத்துக்கு 23 பேர் விடுபட்டதாகத் தெரியவந்தது.

இருவர் தனித்தனியே எழுதி ஒப்புநோக்கும் அக்கருத்து நாட்டளவில் பயனுக்கும் வந்தது. 1964-65-இல் சோதனையாகத் தொடங்கி, 1969-70-க்குள் நாடெங்கும் பரவிய மாதிரிப் பதிவுத் திட்டத்தில், உள்ளூர்க் கணக்காளர் ஆண்டு முழுதும் பிறப்பு இறப்புகளைக் குறித்து வருவார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மேற்பார்வையாளர் தனியே வந்து விசாரிப்பார். பொருந்தாதவற்றைச் சூத்திரத்தால் நிரப்பாமல், மீண்டும் நேரில் சென்றே தீர்த்தனர்.

தேவ்னார் நிலையத்தில் பணியாற்றிய கே. சி. ஸக்கரியா நம்மைப் போன்றவர்களையே ஆராய்ச்சிப் பொருளாக்கிக்கொண்டார். பம்பாய்க்குக் குடிபெயர்ந்தோரைப் பற்றிய அவருடைய நூல் 1968-இல் வெளிவந்தது. அக்காலத்தில் குடிபெயர்ந்தவரை இனங்காணப் பிறந்த இடமே முக்கியச் சான்று. 1881 முதல் கேட்டுவரும் வினா அது. கோலாரில் இருபதாண்டு உழைத்துவிட்டு இங்கு வந்தவரும் பிறந்த ஊரிலிருந்து நேரே வந்தவரும் அதில் ஒன்றே. இதற்கு முன் வாழ்ந்த இடம் எது என்ற வினா 1971-இல்தான் சேர்ந்தது.

பிறந்த இடம் என்ற கட்டத்தில் நம்மவர் வழக்கம் ஒன்றும் குறுக்கிடுகிறது. தலைப்பிரசவம் தாய்வீட்டில். மாதுங்காவில் குடியிருக்கும் பெண் ஏழாம் மாதம் தஞ்சைக்குப் போய்ப் பெற்றெடுத்து, கைக்குழந்தையோடு திரும்புகிறாள். குழந்தை வளர்ந்து, மராத்தியில் சண்டையிட்டு, இந்நகரத்துப் பள்ளியிலேயே படித்து முடிக்கிறது. பிறந்த இடத்தைக் கேட்டெழுதும் கட்டத்தில் மட்டும் அது தஞ்சையிலிருந்து குடிபெயர்ந்து வந்தது.