பேச்சுப் போயினும் பாட்டு நிற்கும்

பாரிச வாயுவால் வலக்கை விழுந்து, தண்ணீர் வேண்டுமென்று கேட்கவும் நாவெழாத மூதாட்டி, பேத்தி தொட்டிலாட்டுகையில் தாலாட்டைச் சொற்பிசகாது பாடக்கூடும். கண்டோர் ‘அருள்’ என்பர்; ‘பேய்’ என்பர். நாம் அதனை மூளையின் இயல்பு என்போம்.

இது நெடுநாள் கண்ட உண்மையே. 1745-ம் ஆண்டிலேயே சுவீடன் தேசத்து ஓலோவ் டாலின் என்பார், பேச்சிழந்த ஒருவன் தான் முன் கற்ற தோத்திரங்களைச் சொற்களோடு பாடியதைக் குறித்து வைத்தார். 1861-ல் பிரெஞ்சு வைத்தியர் பால் புரோக்கா, பேச்சிழந்து மாண்ட ஒருவனது மூளையைச் சோதித்து, அதன் இடப்புற முன்பகுதி பழுதுற்றிருக்கக் கண்டார். உடலின் வலப்புறத்தை ஆள்வதும் இடமூளையே. வலக்கையும் பேச்சும் ஒருங்கே போவது இதனாலாம்.

பாட்டின் நிலை வேறு. 2020-ல் கனடாவின் மாண்ட்ரியல் நகர ஆராய்ச்சியாளர், பத்து வாக்கியங்களைப் பத்து மெட்டுகளிற் பாடுவித்து, அவ்வொலியை இருவகையாய்ச் சிதைத்துக் கேட்பித்தனர். ஒலியின் காலவோட்டம் சிதைந்தபோது சொல் விளங்கவில்லை. சுருதி நுட்பம் சிதைந்தபோது மெட்டு விளங்கவில்லை. சொல்லை இடப்புறச் செவிப்பகுதியும், மெட்டை வலப்புறச் செவிப்பகுதியும் முதன்மையாய்ப் பகுத்தறிந்தன. ஆகவே இடமூளை பழுதுற்றவிடத்தும், மெட்டும் அதனோடு நெடுநாட் பழகிய சொல்லும் எஞ்சக்கூடும். இதனையே துணைக்கொண்டு, அன்றாடச் சொற்களை இசைத்து, அசைக்கொரு தட்டாய் நோயாளியின் இடக்கையைத் தட்டிப் பேச்சுப் பயிற்றும் முறையை அமெரிக்க நாட்டார் 1973-ல் வெளியிட்டனர். எல்லார்க்கும் அது பலிப்பதில்லை, சிலர்க்குப் பலித்தது.

நமது நெகிரி செம்பிலானுக்கு வருவோம். 1938-ல் இந்திய அரசு தொழிலாளர் வரவைத் தடுக்கும் வரை, கங்காணிமார் வழியே வந்த நம் முன்னோர் சிரம்பான், ராந்தாவ், லாபு முதலிய இடங்களின் ரப்பர்த் தோட்டங்களிற் குடியேறினர். எழுத்தறியாத அவர்க்குத் தாலாட்டும் தெம்மாங்கும் ஒப்பாரியுமே ஏடும் எழுத்துமாயின. பின்னாளில் ரப்பர் நிலங்கள் பல செம்பனைக்கும் வீட்டுமனைக்கும் மாறின; லயங்கள் கலைந்தன; பாட்டும் அருகியது. நாலெழுத்துப் படித்த நம்மிற் பலர் அதனைப் பாமரர் பாட்டென்று நாணியதும் உண்டு.

தோழர்காள்! வாய் கோணிப் பேச்சுக் குழறினால் பூசாரியைத் தேடாதீர். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள். இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்துக்குரிய காலம் பெரும்பாலும் நாலரை மணி நேரமே. உயிர் பிழைத்தும் பேச்சு மீளாதாயின், அவர் இளமையிற் பாடிய பாட்டை அருகிருந்து பாடுங்கள். அதற்கு அப்பாட்டு நமக்குத் தெரிந்திருத்தல் வேண்டும். பாட்டி நலமாயிருக்கும் இன்றே கேட்டுப் பயில்வோமாக.