குருவைக் கழற்றிய சிஷ்யன்

1960-ம் வருடம். மிகுனி என்றொரு ஜப்பானியக் கம்பெனி, இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் இருந்த அமல் கம்பெனியோடு ஓர் ஒப்பந்தம் போட்டது. விஷயம் சிம்பிள். உங்கள் கார்புரேட்டரை எங்கள் ஊரில் நாங்கள் செய்துகொள்கிறோம். வித்தையைக் கற்றுக்கொடுங்கள். கற்றுக்கொடுத்ததற்கு உண்டான காசை வாங்கிக்கொள்ளுங்கள்.

அமல் கற்றுக்கொடுத்தது. காசையும் வாங்கிக்கொண்டது.

ஒரு தலைமுறை முடிவதற்குள் ஒரு வேடிக்கை நடந்தது. நார்ட்டன், ட்ரையம்ப் மாதிரி அசல் பிரிட்டிஷ் பைக் வைத்திருந்தவர்கள் ஸ்பேனரும் கையுமாக உட்கார்ந்தார்கள். வண்டியோடு கம்பெனியில் இருந்து வந்த அமல் கார்புரேட்டரைக் கழற்றி அட்டைப்பெட்டியில் போட்டார்கள். அந்த இடத்தில் மிகுனியை மாட்டினார்கள். மாட்டியதும் சொன்ன முதல் வார்த்தை, 'அப்பாடா!'

குருவைக் கழற்றி வைத்துவிட்டு சிஷ்யன் அந்த நாற்காலியில் உட்கார்ந்த கதை இது. பார்க்க ஒரு ஸ்பேர் பார்ட் சமாசாரம் மாதிரி இருக்கும். உள்ளே ஒரு தேசத்தின் மோட்டார் சைக்கிள் தொழில் படுத்த கதையே இருக்கிறது.

முதலில், கார்புரேட்டர் என்னதான் செய்கிறது?

பெட்ரோலைத் திரவமாக அப்படியே இன்ஜினுக்குள் ஊற்றினால் வேலைக்கு ஆகாது. காற்றோடு கலந்து புகை மாதிரி போகவேண்டும். ஒரு கிராம் பெட்ரோலுக்குச் சுமார் 15 கிராம் காற்று. காற்று கூடினால் இன்ஜின் சூடாகித் திணறும். பெட்ரோல் கூடினால் கரும்புகை கக்கும். இந்தப் பந்தி பரிமாறும் வேலைதான் கார்புரேட்டருடையது.

பழைய வீடுகளில் கொசு மருந்து அடிக்கும் கை பம்ப் ஒன்று இருக்குமே, ஞாபகம் இருக்கிறதா? தள்ளினால் காற்று வேகமாகப் போகும். அந்த வேகம் டப்பாவில் இருக்கும் மருந்தை மேலே உறிஞ்சி, சாரலாகத் தெளிக்கும். கார்புரேட்டரும் அதேதான். இன்ஜின் காற்றை இழுக்கிறது. காற்று ஒரு குறுகலான கழுத்து வழியாகப் பாய்கிறது. அங்கே அழுத்தம் குறைய, கீழே தொட்டியில் இருக்கும் பெட்ரோல் பொடி ஓட்டை ஒன்றின் வழியாக மேலேறிச் சிதறுகிறது. அந்த ஓட்டைக்குப் பெயர் ஜெட். ஜெர்மனியில் வில்ஹெல்ம் மேபாக், ஹங்கேரியில் டோனாட் பாங்கி, யானோஷ் சோன்கா என்ற இரட்டையர். 1893-ல் இந்த இரண்டு தரப்பும் தனித்தனியாக இப்படிப் பெட்ரோலைத் தெளிக்கும் கார்புரேட்டரைக் கொண்டுவந்தார்கள். யார் முதலில் என்ற சண்டை தனிக்கதை. அது வேண்டாம்.

இங்கிலாந்துக்கு வருவோம். அங்கே அமாக், பிரவுன் அண்ட் பார்லோ, பிங்க்ஸ் என்று மூன்று கார்புரேட்டர் கம்பெனிகள் போட்டி போட்டுக்கொண்டிருந்தன. 1927-ல் மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தன. 'ஒன்றாகச் சேர்ந்த' என்பதற்கான ஆங்கில வார்த்தை அமால்கமேட்டட். அதன் முதல் நான்கு எழுத்தைக் கிள்ளி வைத்த பெயர்தான் அமல். அதன்பிறகு நாற்பது வருடத்துக்கும் மேலாக, பெரும்பாலான பிரிட்டிஷ் பைக்குகளில் அமல்தான். பி.எஸ்.ஏ. வாங்கினாலும் அமல், நார்ட்டன் வாங்கினாலும் அமல், ட்ரையம்ப் வாங்கினாலும் அமல்.

அமலின் வித்தை ஓர் எளிமையான வித்தை. காற்று போகும் கழுத்தின் குறுக்கே உருண்டையாக ஒரு சின்ன டம்ளர். ஸ்லைடு என்பார்கள். கைப்பிடியில் ஆக்ஸிலேட்டரை முறுக்கினால் கேபிள் அந்த டம்ளரை மேலே தூக்கும். டம்ளரின் அடியில் ஓர் ஊசி தொங்கும். ஊசி உயர உயர, கூடுதல் பெட்ரோல். ஸ்லைடு, ஊசி, ஜெட். அவ்வளவுதான். மிகுனி கற்றுக்கொண்டதும் இதைத்தான்.

அதே 1960-ல் இன்னொரு பயணமும் நடந்தது. ட்ரையம்ப் பைக்குகளின் பிரம்மா என்று சொல்லத்தக்க எட்வர்ட் டர்னர் ஜப்பானுக்குப் போனார். ஹோண்டா, சுசுகி, யமஹா தொழிற்சாலைகளைச் சுற்றிப் பார்த்தார். அங்கே வண்டிகள் வெளியே வந்து விழும் வேகத்தைப் பார்த்து அரண்டுபோய், ஊர் திரும்பி ஓர் அறிக்கை எழுதிக் கொடுத்தார். பிரிட்டிஷ் முதலாளிகள் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. ஜப்பான்காரன் குட்டி வண்டி செய்வான், பெரிய வண்டிக்கு நம்மிடம்தான் வரவேண்டும் என்ற நினைப்பு.

1967-ல் அமல் ஒரு புது மாடலை இறக்கியது. கான்சென்ட்ரிக். அதற்கு முந்தைய மாடலில் பெட்ரோல் தொட்டி பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும். வளைவில் வண்டியைச் சாய்த்தால் பெட்ரோல் மட்டமும் சாயும். புது மாடலில் தொட்டி நேராக ஜெட்டுக்குக் கீழேயே வந்துவிட்டது. கச்சிதமான வடிவம். பாகங்கள் குறைவு. செய்கிற செலவும் கம்மி. நல்ல யோசனைதான், சந்தேகமில்லை.

தப்பு உலோகத்தில் இருந்தது.

கார்புரேட்டரின் உடம்பும் துத்தநாகக் கலவை. உள்ளே ஏறி இறங்கும் ஸ்லைடும் அதே துத்தநாகக் கலவை. ஒரே மாதிரி இரண்டு மெத்தென்ற உலோகங்கள் தினமும் உரசிக்கொண்டே இருந்தால் என்ன ஆகும்? இரண்டும் தேயும்.

நான் காமர்ஸ் படித்தவன். தேய்மானம் என்றால் எனக்குத் தெரிந்தது, வருஷக் கடைசியில் மெஷினின் மதிப்பில் இத்தனை சதவிகிதம் என்று கழித்து எழுதும் ஒரு வரிதான். அமல் விஷயத்தில் நிஜமான தேய்மானத்தைப் பார்க்கலாம். உலோகத்தில் மிச்சம் பிடித்த காசு, கம்பெனி கணக்கில் லாபமாக ஏறியது. தேய்ந்ததெல்லாம் வாடிக்கையாளரின் கணக்கில்.

தேய்ந்தால் என்ன? ஸ்லைடைச் சுற்றி மயிரிழை சந்து விழும். அந்தச் சந்து வழியாக வேண்டாத காற்று உள்ளே போகும். ஆக்ஸிலேட்டரை விட்டதும் இன்ஜின் நிதானமாகத் துடிக்கவேண்டும் இல்லையா, அது நடக்காது. ஏறும், இறங்கும், சிக்னலில் பொட்டென்று அணையும். 'இப்பத்தானே சார் ட்யூன் பண்ணேன்' என்பார் மெக்கானிக். அவர் பொய் சொல்லவில்லை. தேய்ந்த ஸ்லைடை எந்த ஸ்க்ரூவாலும் ட்யூன் செய்ய முடியாது.

போதாக்குறைக்கு, ஸ்லோ ஸ்பீடுக்கான குட்டி ஜெட்டைக் கழற்றவே முடியாதபடி உள்ளே அடித்து இறக்கி வைத்திருந்தார்கள். அடைத்துக்கொண்டால் மெல்லிய கம்பியோடு போராடவேண்டும். இன்ஜினோடு சேரும் இடத்தில் காற்று கசிகிறதே என்று நட்டுகளை ஓங்கி முறுக்கினால், அந்தத் தகடே வில்லாக வளைந்து இன்னும் கசியும். ட்ரையம்ப் பான்வில், நார்ட்டன் கமாண்டோ மாதிரி வண்டிகளில் இந்தத் தொல்லை இரண்டு மடங்கு. ஏனென்றால், அவற்றில் இரண்டு கார்புரேட்டர். இரண்டு ஸ்லைடும் ஒரே நேரத்தில், ஒரே அளவு உயரவேண்டும். ஒன்று ஒரு மாதிரியும் இன்னொன்று வேறு மாதிரியும் தேய்ந்துபோனால், இரட்டை மாட்டு வண்டியில் ஒரு மாடு நொண்டுகிற கதைதான்.

இந்தப் பக்கம் சிஷ்யன் என்ன செய்துகொண்டிருந்தார்?

மிகுனி அதே உருண்டை ஸ்லைடு, அதே ஊசியை வைத்துக்கொண்டு, தொந்தரவு தருகிற இடங்களை மட்டும் ஒவ்வொன்றாகச் சரிசெய்துகொண்டே வந்தது. சீக்கிரம் தேயாத ஸ்லைடு. திருகிக் கழற்றி மாற்றக்கூடிய ஸ்லோ ஜெட். அமலில் காலையில் வண்டி கிளம்ப, ஒரு பட்டனை அழுத்தி விரலில் பெட்ரோல் வழியும்வரை காத்திருக்கவேண்டும். மிகுனியில் ஒரு சின்ன லீவர் போதும், கை நாறாது. 1972-ல் வந்த கவாஸாகி இஸட் 1 என்ற 903 சி.சி. ராட்சசனில் வரிசையாக நான்கு மிகுனி. குட்டி வண்டி செய்கிறவன் என்ற நினைப்பு, அதற்கு மூன்று வருடம் முன்பு ஹோண்டாவின் 750 வந்தபோதே உடைந்துபோயிருந்தது.

1970-களில் பி.எஸ்.ஏ. போனது. அடுத்து நார்ட்டன் கமாண்டோ நின்றது. மெரிடனில் இருந்த ட்ரையம்ப் தொழிற்சாலையைத் தொழிலாளர்களே கூட்டுறவாக எடுத்து நடத்திப் பார்த்தார்கள். 1983-ல் அதுவும் மூடியது. கார்புரேட்டர் ஒன்றால் மட்டும் இதெல்லாம் நடந்தது என்று சொன்னால் அபாண்டம். எண்ணெய் ஒழுகல், பழைய மெஷின்கள், நிர்வாகக் குளறுபடி என்று பட்டியல் நீளம். ஆனால் தினமும் காலையில் வாடிக்கையாளரின் பொறுமையைச் சோதித்த பாகங்களில் கார்புரேட்டருக்கு முக்கிய இடம் உண்டு.

வண்டி செய்த கம்பெனிகள் போனாலும் வண்டிகள் போகவில்லை. வைத்திருந்தவர்கள் விடுவதாகவும் இல்லை. அவர்கள்தான் மிகுனியை மாட்ட ஆரம்பித்தார்கள். கமாண்டோவில் பிரபலமான வழி ஒன்று உண்டு. இரண்டு அமலையும் கழற்றிவிட்டு, கவட்டை மாதிரி ஒரு குழாய் வைத்து, 34 மில்லிமீட்டர் மிகுனி ஒன்றை மட்டும் மாட்டுவது. உச்ச வேகம் கொஞ்சம் குறையும். ஊருக்குள் ஓட்டுவது சுகம். இரண்டு மாடுகளை இழுத்துப் பிடிக்கிற வேலையே இல்லை.

வாங்கினோம், மாட்டினோம் என்று முடிகிற வேலை இல்லை இது. மிகுனி, அமலைவிட நீளம். பின்னால் இருக்கும் ஏர் ஃபில்டரோடு முட்டும். கேபிள் அளவு மாறும். இன்ஜினோடு நேராக முறுக்காமல் நடுவில் ரப்பர் வைக்கவேண்டும். அந்தக் கால வண்டிகளின் அதிர்வில் பெட்ரோல் நுரைத்துப் போகாமல் காப்பது அந்த ரப்பர்தான்.

அப்புறம் ட்யூனிங். கார்புரேட்டரைத் தொடுவதற்கு முன்னால் டைமிங், வால்வு கிளியரன்ஸ் இரண்டும் சரியா என்று பார்க்கவேண்டும். அதில் கோளாறை வைத்துக்கொண்டு ஜெட்டைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை. ஆக்ஸிலேட்டரை எட்டில் ஒரு பங்குவரை திறக்கும்போது ராஜாங்கம் ஸ்லோ ஜெட்டுடையது. கால் பங்குவரை ஸ்லைடின் அடிவெட்டு. அங்கிருந்து முக்கால்வரை ஊசி. முழுசாக முறுக்கும்போது மெயின் ஜெட். எந்த இடத்தில் திணறுகிறது என்று தெரிந்தால், யாரைக் கேட்பது என்று தெரிந்துவிடும். மெயின் ஜெட்டைப் பெரிய சைஸில் ஆரம்பித்துப் படிப்படியாகக் குறைத்து வரவேண்டும். சின்ன சைஸில் ஆரம்பித்துப் பெரிதாக்கலாம் என்று நினைத்தால், பெட்ரோல் போதாமல் முழு வேகத்தில் பிஸ்டனில் ஓட்டை விழும். கடைசி தீர்ப்பு ஸ்பார்க் பிளக் கையில். கறுத்திருந்தால் பெட்ரோல் அதிகம். வெளுத்திருந்தால் காற்று அதிகம். பால் கலந்த டீயின் நிறத்தில் இருந்தால் பாஸ்.

நம் ஊருக்கும் இந்தக் கதையில் பங்கு உண்டு. இங்கிலாந்தின் ரெட்டிச்சில் பிறந்த புல்லட்டின் மூச்சுக்குழாயில் அமல்தான் இருந்தது. 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸோடு சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா தொடங்கி, புல்லட் திருவொற்றியூர்வாசி ஆனது. பின்னாளில் அதே புல்லட்டில் வந்து உட்கார்ந்தது மிக்கார்ப். மிகுனியின் தொழில்நுட்பத்தில், மறைமலைநகரின் யூகால் கம்பெனி செய்தது. பர்மிங்ஹாமிலிருந்து ஜப்பான் போன வித்தை, சுற்றிக்கொண்டு செங்கல்பட்டு பக்கம் வந்து சேர்ந்தது.

2020 ஏப்ரல் 1-ம் தேதி முதல் இந்தியாவில் பி.எஸ். 6 விதி வந்து, புது பைக்குகளில் பெரும்பாலும் கார்புரேட்டரின் கதையை முடித்தது. அதே மாதம்தான், ஓசூரில் வண்டி செய்யும் நம் டி.வி.எஸ்., நார்ட்டன் கம்பெனியை 1.6 கோடி பவுண்டுக்கு வாங்கியது.

அமல் செத்துவிடவில்லை. 2003-ல் அந்தப் பெயரை வாங்கிய சால்ஸ்பரியின் பர்லன் கம்பெனி, பழைய கான்சென்ட்ரிக்கையே மறுபடி செய்கிறது. தேயாத, கெட்டிப்படுத்திய அலுமினிய ஸ்லைடு. கழற்றி மாற்றக்கூடிய ஸ்லோ ஜெட். ஆமாம், சிஷ்யன் எப்போதோ திருத்திய அதே தப்புகள். குரு திருந்தி வந்தபோது, அந்தப் பழைய தொழிற்சாலைகள்தான் இல்லை.

அமலை எடுத்துவிட்டு மிகுனி போட்டால் வண்டியின் அசல்தன்மை போய்விடுமே என்று பழைய பைக் பிரியர்கள் இன்றும் மல்லுக்கு நிற்பார்கள். அவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கலாம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மூடியைத் திறந்து பாருங்கள். அதே டம்ளர். அதே ஊசி.

பேரன்தான் வந்து உட்கார்ந்திருக்கிறான். இன்னும் கொஞ்சம் சமர்த்தாக!