மழைத் துருவும் உப்புத் துருவும்

கொல்கத்தாவின் டாலிகஞ்சில் ஐந்தாறு வருடம் ஓடிய காரின் சக்கரத்தைக் கழற்றிப் பாருங்கள். சென்னையின் திருவான்மியூர்க் கடற்கரையை ஒட்டி நின்று பழகிய, அதே வயதுள்ள காரின் சக்கரத்தையும் கழற்றிப் பாருங்கள். இரண்டிலும் வீல் ஹப்பின் முகத்தில் ஒரே பழுப்புப் படலம்தான் இருக்கும். பெரும்பாலான பட்டறைகளில் இரண்டுக்கும் ஒரே வைத்தியம்தான்: கம்பி பிரஷ்ஷால் நாலு தேய்ப்பு, மேலே ஒரு விரல் கிரீஸ், சக்கரத்தை மாட்டி நட்டை முறுக்கு. டாலிகஞ்சில் இது ஓரளவு தாக்குப்பிடிக்கும். திருவான்மியூரில் ஒரு வருடம்கூடத் தாங்காது. நிறம் ஒன்றானாலும் துரு வந்த வழி வேறு. அதனால் அதைப் போக்கும் வழியும் வேறாகத்தான் இருக்க வேண்டும்.

மற்ற பாகங்களைவிட ஹப்புக்கு ஒரு கூடுதல் சங்கடம் உண்டு. இரவு மழையில் நனைந்த டிஸ்க் காலையில் செம்பழுப்பாக நிற்கும்; முதல் நாலைந்து பிரேக்கில் பேட் உரசி அதைத் துடைத்துவிடும். ஓடிக்கொண்டிருக்கும் டிராமின் சக்கரமும் தண்டவாளத்தின் மேல்முகமும் இப்படித்தான் தம்மைத் தாமே துடைத்துக்கொள்கின்றன. சேவை நின்றுபோன தடத்தில் சில நாளிலேயே பழுப்பேறிவிடும். டாலிகஞ்ச், பாலிகஞ்ச் இடையே டிராம் ஓடியதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஹப்பை எதுவும் உரசுவதில்லை. டிஸ்க்குக்குப் பின்னும் சக்கரத்துக்கு உள்ளும் ஒளிந்திருக்கும் அந்த எஃகுத் துண்டுக்குப் பல வண்டிகளில் பெயின்ட் பூச்சுகூடக் கிடையாது. படிந்தது படிந்தபடியே இருக்கும்.

முதலில் டாலிகஞ்ச். அந்தப் பெயரே நீரிலிருந்து வந்தது. தூர்ந்து கிடந்த ஆதி கங்கையை 1770களில் வில்லியம் டாலி என்ற கம்பெனி ராணுவ அதிகாரி தோண்டிக் கால்வாயாக்கினார். டாலி நாலா இன்றும் அந்தப் பகுதியின் ஊடாக ஓடுகிறது. அதற்குள்ளேயே தூண்களை நட்டு மெட்ரோ ரயில் தெற்கே போகிறது. ஹூக்ளியில் கடலின் ஏற்றவற்றம் கொல்கத்தா வரை வரும். ஓதம் ஏறும்போது ஆற்று நீர் உள்ளே புகாமலிருக்க மதகுகளை மூடிவிடுவார்கள். அந்த நேரம் பார்த்துப் பெருமழை கொட்டினால் தெருவில் நிற்கும் நீர் வடிய வழியில்லை. 2025 செப்டம்பர் 23 அதிகாலை கொட்டித் தீர்த்த மழையில் தெற்குக் கொல்கத்தாவின் பல தெருக்கள் குளமாகின. சிறிய காரின் ஹப் மையம் தரையிலிருந்து ஓர் அடி உயரம்கூட இருக்காது. முழங்கால் அளவு நீரென்றால் ஹப் முழுக்க மூழ்கிவிட்டது என்று பொருள்.

ஆனால் அது பெரும்பாலும் நன்னீர். சாக்கடை கலந்தது, சேறு நிறைந்தது, என்றாலும் கடல் உப்பு மிகக் குறைவு. கொல்கத்தாவிலிருந்து கடல் சுமார் நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. உப்புப் படியாத இரும்பு, காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 60, 70 சதவீதத்தைத் தாண்டும்போதுதான் வேகமாகத் துருப்பிடிக்கும். அதற்குக் கீழே இறங்கினால் துரு ஏறக்குறைய நின்றுவிடும். ஜூன் முதல் செப்டம்பர் வரை ஏறிய துருவுக்கு, குளிர்காலத்தின் வறண்ட மதியங்கள் ஓர் ஓய்வு கொடுக்கின்றன. கொல்கத்தாத் துரு மழையோடு ஏறி, பனிக்காலத்தில் தளர்வது.

திருவான்மியூர்த் துருவுக்கு இந்த ஓய்வு கிடையாது. அங்கே கேடு வருவது மழையால் அல்ல, மதியத்துக்கு மேல் எழும் கடற்காற்றால். சொட்டு மழை இல்லாத மே மாதத்திலும் அது உப்பைக் கொண்டுவந்து சேர்க்கும். சமையல் உப்பு காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக் கசியத் தொடங்குவது ஈரப்பதம் 75 சதவீதத்தை எட்டும்போது. கடலுப்பில் கலந்துள்ள மக்னீசியம் குளோரைடோ 33 சதவீதத்திலேயே கசிந்துவிடும். கடற்கரையோரம் காற்று அந்த அளவுக்கு வறள்வது அரிது. ஆகவே, கண்ணுக்கு உலர்ந்து தெரிகிற ஹப்பின் மேல் உண்மையில் மெல்லிய உப்புநீர்ப் படலம் இருந்துகொண்டே இருக்கும். குளோரைடு துருவின் அடியில் நுழைந்து, இரும்பில் சிறு குழிகளைத் தோண்டி, அங்கேயே தங்கிவிடுகிறது. மேலே தேய்ப்பவருக்கு அது அகப்படாது.

இதை விளங்கிக்கொள்ள நாம் வெளிநாட்டுக்குப் போக வேண்டியதில்லை. அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்தில், 1948இல் அடிக்கல் நாட்டப்பட்டு 1953இல் காரைக்குடியில் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகம், மண்டபம் என்ற கடலோர ஊரில் உலோகத் தகடுகளைக் கடற்காற்றில் நிறுத்தி அரிப்பை அளந்திருக்கிறது. இந்தியாவுக்கான அரிமான வரைபடத்தையும் தயாரித்தது. இத்தகைய ஆய்வுகள் எல்லாமே காட்டும் ஓர் உண்மை, காற்றிலுள்ள உப்பு கரையிலிருந்து முதல் சில நூறு மீட்டருக்குள் மளமளவென்று குறைந்துவிடுகிறது என்பது. சென்னை என்று பொதுவாகப் பேசுவது அதனால் சரியல்ல. கடலிலிருந்து தள்ளியுள்ள அம்பத்தூரில் நிற்கும் கார், துருவைப் பொறுத்தவரை, திருவான்மியூர்க் காரைவிட டாலிகஞ்ச் காருக்குத்தான் நெருங்கிய உறவு.

இனி வைத்தியத்துக்கு வருவோம். டாலிகஞ்சில் முதல் வேலை காயவைப்பது. தண்ணீர் வடிந்த தெருவில் வண்டியை மெதுவாக ஓட்டி, சில முறை பிரேக்கை மிதித்தால் டிஸ்க் சூடேறி, ஓரளவு ஈரம் போகும். அதன் பிறகு சக்கரத்தைக் கழற்றி, ஹப்புக்கும் டிஸ்க்குக்கும் நடுவில் அடைந்த சேற்றை எடுக்க வேண்டும். ஈரத்தைப் பல நாள் பிடித்துவைப்பது அந்தச் சேறுதான். அது போனால் கம்பி பிரஷ்ஷும் உப்புத்தாளும் போதும். மூழ்கிய வண்டிக்கு இன்னொன்றையும் பார்க்க வேண்டும். சக்கரத்தைச் சுற்றும்போது உறுமல் கேட்டால் நீர் பேரிங்குக்குள் போயிருக்கிறது. அதைத் துருக் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள்.

திருவான்மியூரில் முதல் வேலை கழுவுவது. உலர்ந்த துருவின் மேல் பிரஷ்ஷைப் போட்டால் உப்பைக் குழிகளுக்குள் இன்னும் ஆழமாகத் திணிக்கிறோம். நல்ல தண்ணீரால் கழுவி, தேய்த்து, மறுபடியும் கழுவி, துணியால் துடைத்து, வெயிலிலோ காற்றடித்தோ உலர்த்த வேண்டும். கடையில் விற்கும் துரு மாற்றும் திரவத்தையும் இந்தக் கழுவலுக்குப் பிறகே பூச வேண்டும். அதில் இருப்பது பெரும்பாலும் பாஸ்பாரிக் அமிலம் அல்லது டானின். கடுக்காயும் இரும்பும் சேர்ந்து கறுப்பாவதைக் கலம்காரிச் சாயக்காரர்கள் தலைமுறைகளாகப் பயன்படுத்தி வருகிறார்கள். டானின் துருவைக் கறுப்பாக்குவதும் அதே வேதியியல்தான். ஆனால் உப்பு தங்கிய துருவின் மேல் பூசினால், அந்தக் கறுப்புப் படலம் சில மாதத்தில் கொப்புளித்து உரியும். டாலிகஞ்சில் நன்றாக வேலை செய்த அதே குப்பி இங்கே பழி சுமக்கும்.

சக்கரமும் கணக்கில் வரும். உத்தரபாராவில் 2014 வரை தயாரான அம்பாசிடர், மஞ்சள் டாக்ஸியாகக் கொல்கத்தாவில் ஓடியபோது, இரும்பு ஹப்பின் மேல் இரும்புச் சக்கரம் உட்கார்ந்திருந்தது. இன்று பலரும் மாட்டும் அலாய் சக்கரம் அலுமினியம். இரும்பும் அலுமினியமும் தொடும் இடத்தில் உப்புநீர் புகுந்தால் அது மின்கலம். அலுமினியம் அரித்து வெள்ளைத் தூளாகி, சக்கரம் ஹப்போடு இறுகிவிடும். நட்டெல்லாம் கழற்றிய பிறகும் அசையாத சக்கரத்தை நடுச்சாலையில் உதைத்துக்கொண்டிருக்கும் நிலை கடலோரத்தாருக்குத்தான் அதிகம்.

இரண்டு ஊரிலும் ஒரே மாதிரி நடக்கும் தவறு ஒன்று உண்டு. அதை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது. வெளியே தெரியும் ஹப்பின் நடுப்பகுதிக்குப் பளபளவென்று பெயின்ட் அடிப்பார்கள். டிஸ்க் போய் உட்காரும் முகத்தைத் துருவோடு விட்டுவிடுவார்கள். செய்ய வேண்டியது நேர்மாறு. அந்த முகம் சுமார் 14 செ.மீ. அகலம், டிஸ்க் 25 செ.மீ. அளவு என்று வைத்துக்கொள்வோம். முகத்தின் ஓரத்தில் 0.05 மி.மீ. துரு இருந்தால் டிஸ்க்கின் விளிம்பில் அது ஏறக்குறைய 0.09 மி.மீ. ஆட்டமாகும். பல வண்டிகளுக்கு அனுமதி 0.1 மி.மீ. அல்லது அதற்கும் கீழேதான். சில ஆயிரம் கிலோமீட்டரில் டிஸ்க்கின் கனம் சீரற்றுப்போய், பிரேக் மிதித்தால் ஸ்டியரிங் நடுங்கும். ‘டிஸ்க் வளைந்துவிட்டது’ என்று சொல்லிப் புதிய டிஸ்க்கை அதே துரு ஹப்பில் மாட்டுவார்கள். நடுக்கம் திரும்பி வரும். அந்த முகத்தை வெறும் உலோகம் தெரியும்வரை சுத்தம் செய்ய வேண்டும். பெயின்ட் கூடாது, தடித்த கிரீஸும் கூடாது. மிக மெல்லிய இறுகல் தடுப்புப் பேஸ்ட் போதும். உப்புக் காற்றில் இது கட்டாயம், டாலிகஞ்சில் நல்லது. ஸ்டட்டின் மரையில் அது படக் கூடாது. நட்டுக்குக் குறிக்கப்பட்ட இறுக்கம் உலர்ந்த மரைக்கானது.

நாள்காட்டியும் இரண்டு ஊருக்கும் வேறு. கொல்கத்தாவில் வண்டிகளுக்குப் பூஜை போடும் விஸ்வகர்மா பூஜை பொதுவாகச் செப்டம்பர் 17இல் வரும். மழை ஓயத் தொடங்கும் நேரம். சக்கரத்தைக் கழற்றி, ஏறிய துருவை எடுப்பதற்கு அதையடுத்த வாரங்களே தோது. நம் ஆயுத பூஜை வடகிழக்குப் பருவமழைக்குச் சற்று முன்னால் வருகிறது; கோடை முழுதும் சேர்ந்த உப்பைக் கழுவிவிட்டு, வரப்போகும் ஈரத்துக்கு முன் பூச்சுப் போட்டுக்கொள்ள அதுவே சமயம். சந்தனம் குங்குமம் வைக்க வண்டியைக் கழுவும் அன்றைக்கே சக்கரத்தையும் கழற்றிவிடலாம். மாட்டிய பிறகு ஐம்பது, நூறு கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை டார்க் ரெஞ்சால் ஒருமுறை சரிபார்க்க வேண்டும். தேய்த்தும் எடுபடாமல் மிஞ்சிய துரு ஓட்டத்தில் நசுங்கி, நட்டு தளரக்கூடும். தேய்க்கும்போதே துரு செதில் செதிலாக உரிந்து, அடியில் குழி தெரிந்தால் அது மேற்பரப்புத் துரு இல்லை. ஹப்பை மாற்றிவிட வேண்டும்.