திட்டம் வகுத்த மாணவி: டயேன் நேஷ்

1963 ஆகஸ்ட் 28 அன்று வாஷிங்டனில் லிங்கன் நினைவகத்தின் முன் கறுப்பினத்தவரின் உரிமைகளுக்காகச் சுமார் இரண்டரை லட்சம் பேர் திரண்டனர். அந்தப் பேரணியில் முக்கிய உரை நிகழ்த்தியவர்கள் அனைவரும் ஆண்கள். பெண்களுக்கென்று ஒதுக்கப்பட்டது ஒரு சிறு பகுதிதான். போராட்டத்தில் முன்னின்ற பெண்கள் ஆறு பேரின் பெயரைச் சொல்லி மரியாதை செய்தார்கள். ரோசா பார்க்ஸ், டெய்சி பேட்ஸ் ஆகியோருடன் அந்தப் பட்டியலில் இடம்பெற்றவர் 25 வயது டயேன் நேஷ். அதற்குள் ஒரு நகரத்துக் கடைத்தெருவின் வழக்கத்தை அவர் மாற்றிக் காட்டியிருந்தார். பாதி வழியில் நின்றுபோக இருந்த பெரும் போராட்டம் ஒன்றையும் தூக்கி நிறுத்தியிருந்தார். பெரும்பாலும் மேடைப் பேச்சால் அல்ல; கூட்டம் கூட்டி, பட்டியல் போட்டு, தொலைபேசியில் பேசி நடத்திய காரியங்கள் அவை.

நேஷ் 1938 மே 15 அன்று சிகாகோவில் பிறந்தார். வசதிக்குக் குறைவில்லாத கத்தோலிக்கக் குடும்பம். வாஷிங்டனில் உள்ள ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, 1959இல் டென்னசி மாநிலம் நேஷ்வில்லில் உள்ள ஃபிஸ்க் பல்கலைக்கழகத்துக்கு மாறினார். நிறப் பாகுபாட்டை அறிவிப்புப் பலகையாக நேருக்கு நேர் கண்டது அங்கேதான். டென்னசி மாநிலப் பொருட்காட்சிக்குப் போனவர், கறுப்பினப் பெண்களுக்கென்று தனியாக எழுதி வைத்திருந்த கழிவறையைப் பார்த்து அதிர்ந்துபோனார். நகரின் பெரிய கடைகளில் கறுப்பினத்தவர் துணி வாங்கலாம், பாத்திரம் வாங்கலாம், கல்லாவில் பணம் கட்டலாம். அதே கடைக்குள் இருக்கும் சிற்றுண்டிக் கவுன்டரில் மட்டும் உட்கார முடியாது. பொட்டலம் வாங்கிக்கொண்டு வெளியே வந்து, நடைபாதை ஓரத்தில் நின்று சாப்பிட வேண்டும்.

இதை எதிர்க்க யாராவது இருக்கிறார்களா என்று விசாரித்துக்கொண்டிருந்த நேஷுக்கு ஜேம்ஸ் லாசன் நடத்திய பயிற்சி வகுப்பு தெரியவந்தது. கொரியப் போர்க்காலத்தில் ராணுவ அழைப்பை ஏற்க மறுத்துச் சிறை சென்றவர் லாசன். அதன் பின் நாக்பூரிலுள்ள ஹிஸ்லாப் கல்லூரியில் மெதடிஸ்ட் சபை ஊழியராக இருந்து, காந்தியின் சத்தியாகிரக முறைகளை ஊன்றிக் கற்றுத் திரும்பியவர். நேஷ்வில்லில் தேவாலயம் ஒன்றின் கூடத்தில் நடந்த அவருடைய வகுப்பில் தத்துவம் பாதி, ஒத்திகை பாதி. சில மாணவர்கள் வெள்ளையின ரவுடிகளாக நடிப்பார்கள். கெட்ட வார்த்தையில் திட்டுவார்கள், முகத்தில் சிகரெட் புகையை ஊதுவார்கள், நாற்காலியோடு பிடித்துத் தள்ளுவார்கள். மற்றவர்கள் திருப்பி அடிக்காமல் தலையை எப்படிக் காத்துக்கொள்வது, அடி வாங்கும் நண்பருக்கும் அடிப்பவனுக்கும் நடுவே எப்படிப் புகுவது என்று பழகுவார்கள். அகிம்சையால் ஏதாவது நடக்கும் என்ற நம்பிக்கை தொடக்கத்தில் நேஷுக்கு இல்லை. ஊரில் வேறு வழி எதுவும் கண்ணில் படாததால்தான் தொடர்ந்து போனார்.

1960 பிப்ரவரி 13 அன்று நேஷ்வில் மாணவர்கள் கடைகளுக்குள் சென்று கவுன்டர்களில் அமர்ந்தனர். முதல் நாள் அடிதடி இல்லை. பரிமாறும் பெண்களுக்குக் கை நடுங்கித் தட்டுகள் ஒன்றன் பின் ஒன்றாக விழுந்து உடைந்ததை நேஷ் பின்னாளில் சிரிப்போடு நினைவுகூர்ந்தார். பயம் அவருக்கும் இருந்தது. போராட்டத்துக்குக் கிளம்ப வேண்டிய நாட்களில் வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போதே உள்ளங்கை வியர்த்துவிடும் என்று அவரே சொல்லியிருக்கிறார். அந்தப் பெண்ணைத்தான் மாணவர் குழு தலைவராகத் தேர்ந்தெடுத்தது.

பிப்ரவரி 27 அன்று கும்பல் புகுந்து தாக்கியது. போலீசார் கைது செய்தது 81 மாணவர்களை. ஒரு வரிசையைப் பிடித்துக்கொண்டு போனதும் அடுத்த வரிசை வந்து அதே இருக்கைகளில் அமர்ந்தது. நீதிமன்றம் அபராதம் விதித்தபோது, அதைக் கட்டுவது அநியாயத்துக்குத் துணைபோவதாகும் என்று சொல்லி நேஷும் அவருடன் இருந்தவர்களும் சிறையைத் தேர்ந்தெடுத்தார்கள். வெளியே கறுப்பினக் குடும்பங்கள் கடைத்தெருவையே புறக்கணித்தன. ஈஸ்டர் வியாபாரம் படுத்தது.

ஏப்ரல் 19 அதிகாலையில் மாணவர்களுக்காக வாதாடிய வழக்கறிஞர் அலெக்சாண்டர் லூபியின் வீட்டில் குண்டு வெடித்தது. அன்றே ஆயிரக்கணக்கானோர் வாய் திறக்காமல் மேயர் அலுவலகம் வரை நடந்தார்கள். வாசலுக்கு வந்த மேயர் பென் வெஸ்ட் தன் சாதனைகளைச் சொல்லத் தொடங்கினார். நேஷ் பேச்சை வளர்க்கவில்லை. ஒருவரை நிறத்துக்காக மட்டும் ஒதுக்குவது தவறு என்று நீங்கள் நினைக்கிறீர்களா என்று, மேயராக அல்லாமல் மனிதராகப் பதில் சொல்லும்படி கேட்டார். தவறுதான் என்று மேயர் ஒப்புக்கொண்டார். மே 10 அன்று ஆறு கடைகளின் கவுன்டர்கள் கறுப்பினத்தவருக்குத் திறந்தன. மேயரிடம் நேஷ் கேள்வி கேட்ட அந்த வாசலின் முன்னுள்ள சதுக்கத்துக்கு இன்று டயேன் நேஷ் பெயர்.

அடுத்த ஆண்டு வந்த சோதனை இதைவிடக் கடுமையானது. மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் பேருந்துகளில் இனப் பிரிவினை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தும், தென்மாநிலங்கள் அதை மதிக்கவில்லை. அதை உரசிப் பார்க்க 1961 மே 4 அன்று வாஷிங்டனிலிருந்து, கறுப்பரும் வெள்ளையரும் ஒன்றாகப் பேருந்தில் செல்லும் ‘விடுதலைப் பயணம்’ புறப்பட்டது. மே 14 அன்று அலபாமாவின் ஆனிஸ்டனில் ஒரு பேருந்துக்குத் தீ வைத்தார்கள். பர்மிங்ஹாமில் பயணிகளை இரும்புக் குழாய்களால் அடித்தார்கள். பயணத்தை நடத்திய அமைப்பு அத்துடன் நிறுத்திக்கொள்ள முடிவு செய்தது.

வன்முறையால் ஒரு போராட்டத்தை நிறுத்த முடியும் என்று ஒரு முறை நிரூபணமாகிவிட்டால் இயக்கம் அதோடு முடிந்தது என்பது நேஷின் கணக்கு. பயணத்தை நேஷ்வில் மாணவர்கள் தொடர்வார்கள் என்று பர்மிங்ஹாம் பாதிரியார் ஃப்ரெட் ஷட்டில்ஸ்வொர்த்துக்குத் தொலைபேசியில் சொன்னார். கேட்டவர், இங்கே ஆட்கள் சாகப் பார்த்தார்களே, தெரியுமா என்றார். அதனால்தான் வருகிறோம் என்று பதில் வந்தது. போன் ஒட்டுக்கேட்கப்படுகிறது என்பதால் இருவரும் கோழி வியாபாரிகள் போலப் பேசிக்கொண்டார்கள். எத்தனை ஆண்கள், எத்தனை பெண்கள், யார் வெள்ளையர், யார் கறுப்பர் என்பதெல்லாம் கோழி வகைகளின் பெயரில் போனது. புறப்பட்டவர்களில் சிலர், தாங்கள் இறந்தால் வீட்டுக்கு அனுப்பும்படி ஒட்டிய கடிதங்களை நேஷிடம் கொடுத்திருந்தார்கள். அட்டர்னி ஜெனரல் ராபர்ட் கென்னடியின் உதவியாளர் ஜான் சீகன்தாலர் அழைத்து, உயிர் போகும் என்று எச்சரித்தார். எல்லாரும் நேற்றிரவே உயில் எழுதிவிட்டார்கள் என்று நேஷ் அமைதியாகச் சொன்னார். அந்தக் கோடை முடிவதற்குள் மிசிசிப்பியில் மட்டும் 300 பேருக்கு மேல் கைதானார்கள். பேருந்துகளிலும் நிலையங்களிலும் பிரிவினையைத் தடைசெய்த மத்திய ஆணையத்தின் விதி நவம்பர் 1 அன்று நடைமுறைக்கு வந்தது.

இதற்கிடையே படிப்பை விட்டு முழுநேரப் பணிக்கு வந்திருந்த நேஷ், சக போராளி ஜேம்ஸ் பெவலை மணந்தார். மிசிசிப்பியில் பதின்வயதினருக்கு அகிம்சைப் பயிற்சி தந்ததைச் சிறாரைக் கெடுத்த குற்றமாக்கி, அவருக்கு இரண்டு ஆண்டுச் சிறை விதித்தார்கள். 1962இல் கர்ப்பிணியாக இருந்தபோது தானே போய்ச் சரணடைந்தார். இந்த மாநிலத்தில் பிறக்கும் கறுப்பினக் குழந்தை எப்படியும் சிறையில்தான் பிறக்கிறது என்பது அவர் வாதம். கர்ப்பிணியை இரண்டாண்டு அடைத்து வைக்கும் துணிவு நீதிபதிக்கு வரவில்லை. நீதிமன்றத்தில் வெள்ளையர் பகுதியிலிருந்து எழ மறுத்ததற்காகப் பத்து நாள் மட்டும் சிறையில் வைத்து அனுப்பினார்கள்.

1963 செப்டம்பர் 15 அன்று பர்மிங்ஹாம் தேவாலயக் குண்டுவெடிப்பில் நான்கு சிறுமிகள் இறந்தனர். குண்டு வைத்தவர்களைத் தேடிக் கொல்வதா, அலபாமாவில் கறுப்பினத்தவருக்கு வாக்குரிமை பெற்றுத் தருவதா என்று அன்று கணவனும் மனைவியும் பேசியதை நேஷ் மறைக்காமல் சொல்லியிருக்கிறார். இரண்டாவதையே தேர்ந்தெடுத்துத் திட்டம் எழுதினார்கள். அந்தத் திட்டம் அலபாமாவின் செல்மா நகரில் நடந்த வாக்குரிமைப் போராட்டத்துக்கு வித்திட்டது. 1965 ஆகஸ்ட் 6 அன்று வாக்குரிமைச் சட்டம் கையெழுத்தானது. அந்த ஆண்டு இருவருக்கும் மார்ட்டின் லூதர் கிங்கின் அமைப்பு ரோசா பார்க்ஸ் விருது வழங்கியது. நாட்டின் உயரிய குடிமை விருதான அதிபரின் சுதந்திரப் பதக்கம் நேஷுக்குக் கிடைத்தது 2022இல்தான்.

அதற்கு ஏழு ஆண்டுகள் முன்பு, செல்மா பேரணியின் பொன்விழாவில் தலைவர்கள் கைகோத்து அந்நகரின் பாலத்தில் நடந்தபோது நேஷும் ஊருக்கு வந்திருந்தார். முன்னாள் அதிபர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் கலந்துகொள்கிறார் என்பதால் நடக்க மறுத்துவிட்டார். செல்மா அகிம்சைக்காக நின்ற போராட்டம், புஷ் நடத்தியதோ போர் என்று செய்தியாளரிடம் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொண்டார்.