எங்களோடு படிக்காத எங்கள் தோழி

இம்மலரின் ஏனைய பக்கங்களில், நம்மோடு ஒரே வாங்கில் இருந்து படித்து நமக்கு முன்னரே மறைந்துபோன தோழியரை நினைவுகூர்ந்துள்ளோம். இந்தப் பக்கத்தை மட்டும் நம் பாடசாலைப் பதிவேட்டில் பெயரில்லாத ஒருவருக்கு ஒதுக்கினோம். அவர் மீனாட்சி அம்மாள். மலையகத் தொழிற்சங்க முன்னோடி கோ. நடேசய்யரின் துணைவியார். நம் பாடசாலை தவழ்ந்த காலத்தில் இந்த மலைகளில் பாடித் திரிந்தவர்.

அக்காலத்தில் தோட்டம் என்பது துரையின் தனிச் சொத்து. அனுமதியின்றி லயத்துப் பக்கம் கால் வைக்கும் வெளியாள்மீது அத்துமீறல் வழக்குப் பாயும். தஞ்சாவூரிலிருந்து வந்த நடேசய்யர் புடவை வியாபாரி வேடத்தில் தோட்டத்துக்குள் நுழைந்த கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆனால் அந்தக் கதையில் அம்மையார் பெரும்பாலும் ‘ஐயரின் மனைவி’ என்ற இரு சொற்களோடு முடிந்துவிடுவார். அவரது பணி அவ்வளவு சிறியதல்ல.

1924இல் தொடங்கிய ‘தேசபக்தன்’ பத்திரிகையில் ஐயருக்குத் துணைநின்று உழைத்தவர் அவர். பெண்களின் உரிமை பற்றி அதில் எழுதினார். இலங்கையில் ஆணும் பெண்ணும் வாக்களிக்கும் உரிமை 1931இல்தான் வந்தது என்பதை எண்ணிப் பார்த்தால், அந்த எழுத்தின் துணிச்சல் புரியும்.

எழுத்தைவிட அவரது குரலே தோட்டங்களை எட்டியது. பொதுமேடையில் ஒரு குடும்பப் பெண் பாடுவதையே ஊர் ஏற்காத நாட்கள் அவை. அம்மையாரோ தொழிலாளர் கூட்டங்களில் பாரதியார் பாடல்களைப் பாடினார். தாமே பாட்டுக் கட்டியும் பாடினார். கொழுந்து பறித்த நம் அம்மாயிகளில் பலருக்கு எழுத்து தெரியாது. துண்டுப்பிரசுரத்தை அவர்கள் கையில் கொடுத்தால் வாசிக்க இன்னொருவர் வேண்டும். பாட்டுக்கு அது தேவையில்லை. ஒருமுறை கேட்டால் போதும், மறுநாள் கூடையோடு மலைக்கு ஏறிவிடும். தடுத்து நிறுத்தக் கங்காணியாலும் முடியாது.

பாடுவதற்குக் காரணங்கள் நிறைய இருந்தன. 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சச் சம்பளச் சட்டத்தின்படி 1929இலிருந்து மலைநாட்டுத் தோட்டங்களில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம் நாட்சம்பளம் என்று வகுக்கப்பட்டது. அதே பனியில் பிரட்டுக்கு நின்று, அதே மலையில் ஏறி இறங்கியவளுக்கு 11 சதம் குறைவு. சட்டமே அப்படி எழுதிவைத்தது. இந்தச் சூழலில்தான் 1931இல் அட்டனைத் தளமாகக் கொண்டு நடேசய்யர் தோட்டத் தொழிலாளருக்கெனத் தனிச் சம்மேளனம் அமைத்தார். 1936இல் அட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்கும் தெரிவானார்.

1939இல் அரசாங்கப் பகுதிகளில் நாட்கூலிக்கு நின்ற இந்தியர்கள் வேலைநீக்கப்பட்டனர். 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் பொலிசார் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி உயிரிழந்தார். அந்த 1940இலேயே அம்மையாரின் பாட்டுப் புத்தகம் வெளிவந்தது. ‘இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை’ என்பது அதன் பெயர். வரப்போகும் ஆபத்தைப் பாமரரும் உணரவேண்டும், பிரிந்து நில்லாமல் ஒன்றுபடவேண்டும் என்பதே அவர் கவலை.

அந்தக் கவலை வீணானதல்ல. 1947இல் நடேசய்யர் காலமானார். அதே ஆண்டுத் தேர்தலில் தலவாக்கலை மக்கள் சி.வி. வேலுப்பிள்ளையைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். அடுத்த ஆண்டே பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. அதைத் தொடர்ந்து நம் பெரும்பாலான குடும்பங்களின் வாக்கும் போயிற்று. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று எழுதியது. அவர்களில் நம் வகுப்புத் தோழியரும் இருந்தார்கள். தலவாக்கலை புகையிரத நிலையத்தில் தகரப் பெட்டிகளோடு நின்று, தலைமன்னார் வழியாகக் கப்பலேறிப் போனார்கள். வகுப்பு இடாப்பில் அவர்கள் பெயர்மேல் சிவப்பு மையில் கோடு விழுந்தது. தோட்டத்து ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்சம்பளம் என்பது 1984இல்தான் வந்தது. அதற்குள் 43 சதத்துக்கு உழைத்த அம்மாயிகளில் பலர் மண்ணுக்குள் போய்விட்டார்கள்.

மீனாட்சி அம்மாள் நம்மோடு படிக்கவில்லை. ஆயினும் நம் அம்மாயிகள் கற்ற பாடத்தை அவர் மலைமேட்டில் நின்று சொல்லிக் கொடுத்தார். வீட்டு வாசற்படியைத் தாண்டி வந்து, தம் குரலைப் பிறருக்காகச் செலவழித்தார். அதற்கு நாம் செலுத்தக்கூடிய கைமாறு சிறிது.

இன்று இப்பாடசாலையில் பயிலும் தங்கைமாரிடம் ஒன்று கேட்கிறோம். உங்கள் லயத்தில் வயதான அம்மாயி ஒருவர் இருந்தால், அவருக்குத் தெரிந்த பாட்டுகளைக் கேட்டு ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். பாட்டின் கீழே அவர் பெயரையும் எழுதுங்கள். யாருடைய மனைவி, யாருடைய தாய் என்று எழுதி நிறுத்திவிடாதீர்கள். அவர் பெயரையே எழுதுங்கள்.